காலி சீட்டுக்கு அடித்த மணி

நீல மூடி போட்ட தொட்டியில் டீசலை ஊற்றியவன் நான்தான். வேறு யார் தலையிலாவது பழியைப் போட முடியுமா என்று நானும் ஒரு வாரம் யோசித்துப் பார்த்துவிட்டேன். முடியவில்லை.

இது எனக்கு நடந்தது. கதை விடுவதென்றால், என்னைக் கொஞ்சம் புத்திசாலியாகக் காட்டுகிற கதையாகப் பார்த்து விட்டிருப்பேன். இதில் நான் ஆரம்பத்திலிருந்து முட்டாள். உண்மை என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி என்னிடம் இல்லை. இன்னொன்று, பேய் என்றால் ஊரடங்கிய நேரத்தில் வரும் என்று சொல்வார்கள். எனக்கு வந்தது பட்டப்பகலில், சாயங்கால டீக்கு முன்னால். என் யோகம் அப்படி.

நான் ரெக்கவரி வண்டி ஓட்டுகிறவன். நடுவழியில் மக்கர் செய்யும் கார்களை முதுகில் ஏற்றிக்கொண்டு போய்ப் பட்டறையில் இறக்குவது வேலை. இப்போது வருகிற டீசல் வண்டிகளில் இரண்டு தொட்டி இருக்கும். ஒன்று டீசலுக்கு. இன்னொன்று நீல மூடி போட்டது, யூரியாத் தண்ணீருக்கு. புகையில் இருக்கும் கரியைத் தேன்கூடு மாதிரி ஒரு வடிகட்டி பிடித்துக்கொள்ளும். நச்சை யூரியா முறிக்கும். அதற்கப்புறம்தான் புகை வெளியே வரும். நல்ல ஏற்பாடு. நல்ல ஏற்பாடு எதுதான் நமக்கு ஒத்துவந்திருக்கிறது?

அன்று காலை பெட்டியில் இரண்டு கேன் இருந்தது. இரண்டும் வெள்ளை. இரண்டும் ஒரே அளவு. நான் போனில் குண்டூசியைக் கிண்டல் செய்துகொண்டிருந்தேன். குண்டூசி என்பவன் எங்கள் ஊரின் இன்னொரு ரெக்கவரி வண்டிக்காரன். ஆள் அந்தத் தடிமன்தான் இருப்பான். முந்தின நாள் கொக்கியைத் தப்பான இடத்தில் மாட்டி, காரை விட்டுவிட்டு அதன் பம்பரை மட்டும் பத்திரமாக இழுத்துக்கொண்டு போயிருந்தான். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டே, நீல மூடியைத் திறந்து, புனலை வைத்து, இருபது லிட்டர் டீசலையும் ஊற்றி முடித்தேன்.

என் வண்டியை இழுக்க இன்னொரு ரெக்கவரி வண்டி வர வேண்டியதாயிற்று. யார் வந்திருப்பான் என்று சொல்லவும் வேண்டுமா?

"என்னண்ணே, புள்ளைக்கு மருந்து மாத்திக் குடுத்துட்டியா?" என்றான் குண்டூசி. சொல்லிவிட்டு என் வண்டியை வீடியோ எடுத்தான். அப்புறம் என்னை எடுத்தான்.

கம்பெனி சர்வீஸில் பார்த்துவிட்டு, யூரியா பம்பிலிருந்து எல்லாமே போச்சு, பாகங்கள் வர ஆறு வாரம் ஆகும் என்றார்கள். அதுவரை வண்டியின் கம்ப்யூட்டர் இருபதுக்கு மேல் வேகம் ஏற விடாது. இருபதில் கார் இழுக்கப் போனால் கார்க்காரரே இறங்கி நடந்து முன்னால் போய்விடுவார்.

அப்படித்தான் நான் லேப்டாப்பிடம் போனேன்.

அவன் உண்மைப் பெயர் யாருக்கும் தெரியாது. மூலை உடைந்த லேப்டாப் ஒன்றை எந்நேரமும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு திரிவதால் அந்தப் பெயர். என்ன படித்திருக்கிறாய் என்று கேட்டால் இருமுவான். டயர் கடைக்குப் பின்னால் தகரக் கொட்டகை. அங்கே அவன் செய்வது இதுதான்: வடிகட்டியை அறுத்து, உள்ளே இருக்கும் தேன்கூட்டை உளியால் தட்டிக் கொட்டிவிட்டு, வெளித் தகரத்தை மட்டும் பழையபடி பற்ற வைப்பான். பிறகு வண்டியின் கம்ப்யூட்டரில் வேறு ப்ரோக்ராமை ஏற்றுவான். மூக்கை அறுத்துவிட்டு, மூக்கு இருக்கிறது என்று மூளையை நம்ப வைக்கிற வேலை. சட்டப்படி தப்பு. தெரியாமல் செய்தேன் என்று நான் சொல்லப் போவதில்லை.

"தலைவரே, இனிமே யூரியாவும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம். ஏறி மிதிங்க, பறக்கும்."

"இந்த ப்ரோக்ராம் நீ எழுதினதாப்பா?"

"எழுதுறதா! நல்லா ஓடின வண்டியில இருந்து எடுத்த ஃபைலு. இதே மாடல்தான்."

"ஓடினன்னா? இப்ப ஓடலையா? யார் வண்டி?"

"டீ சாப்பிடுறீங்களா தலைவரே?"

சாப்பிட்டேன். அத்தோடு முடிந்தது என் விசாரணை.

வண்டி பறந்தது உண்மைதான். மறுநாள் ஒரு சிக்னலில் பின்னால் நின்ற ஸ்கூட்டர்க்காரர் ஹாரன் அடித்தார். நான் ஏறி மிதித்தேன். குபுகுபுவென்று கரும்புகை. கண்ணாடியில் பார்த்தால் ஸ்கூட்டரைக் காணோம், ஹாரன் சத்தம் மட்டும் கேட்டது. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். நாற்பத்திரண்டு வயது ஆள்.

அப்போது பக்கத்தில் ஒரு சத்தம் கேட்டது.

"ச்சு."

உச்சுக்கொட்டுகிற சத்தம். இரக்கத்தில் கொட்டுவது இல்லை. இதெல்லாம் ஒரு பிறவியா என்கிற தினுசு.

டேஷ்போர்டுக்குள் ஏதோ ரிலே ஸ்விட்ச் தட்டுகிறது என்று நினைத்துக்கொண்டேன். இரண்டாம் நாள் புகைச் சோதனைக்காரர் வண்டியை மறித்தார். வெளியே பார்க்க எல்லாம் ஒழுங்காக இருக்கிறதே சார் என்று பல்லைக் காட்டிப் பேசித் தப்பித்தேன். வண்டியில் ஏறிக் கதவைச் சாத்தியதும் மறுபடி "ச்சு." ரிலே என்றால் எஞ்சின் ஓட வேண்டும். நான் இன்னும் சாவியைத் திருப்பவே இல்லை.

மூன்றாம் நாள், சரியாக 3:40க்கு, பெல்ட் மணி அடித்தது.

டிங்... டிங்... டிங்...

பக்கத்து சீட்டுக்கான மணி. யாராவது உட்கார்ந்து பெல்ட் போடாமல் இருந்தால் அடிக்கும். சீட்டில் யாரும் இல்லை. ஒரு துணிகூட இல்லை. நாலு நிமிஷம் அடித்துவிட்டுத் தானே நின்றது.

நாலாம் நாளும் 3:40.

அன்று என் மகள் வண்டியில் இருந்தாள். ஏழு வயது. என் மனைவிக்கு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ஊசி குத்தி ரத்தம் எடுக்கும் வேலை. அதே வேலையை வீட்டில் வாயாலும் செய்வாள். அவளுக்கு வேலை முடிய ஆறு மணி ஆகும். அதனால் பள்ளி விட்டதும் பல நாள் மகள் என்னோடுதான் சுற்றுவாள். முன் சீட்டுக்கு எப்போதும் சண்டை போடுகிறவள், அன்று ஏறியதும் எழுந்துவிட்டாள்.

"நான் பின்னாடி படுத்துக்கறேம்ப்பா."

"ஏன்டி?"

"சீட்டு சூடா இருக்கு."

தொட்டுப் பார்த்தேன். சூடுதான். எஞ்சின் சூடு இல்லை அது. பஸ்ஸில் ஒருவர் எழுந்துபோனதும் நாம் உட்கார்ந்தால் தெரியுமே, அந்தச் சூடு.

எஞ்சின்தான் என்று அவளிடம் சொன்னேன். எனக்கும் அதையே சொல்லிக்கொண்டேன். என் சீட்டுக்குப் பின்னால் படுக்கிற அளவுக்கு ஒரு பலகை மெத்தை உண்டு. அதில் ஏறிப் படுத்துக்கொண்டாள்.

ஐந்தாம் நாள், டிரைவர்கள் எல்லோரும் செய்கிற வேலையைச் செய்தேன். காலி சீட்டின் பெல்ட்டை இழுத்து, குறுக்கே போட்டு, கொக்கியில் மாட்டிவிட்டேன். இனி எவன் உட்கார்ந்தாலும் மணி அடிக்காது.

3:40. மணி அடிக்கவில்லை.

எனக்கு ஒரே பெருமை. சீட்டைத் திரும்பிப் பார்த்தேன்.

பெல்ட் சீட்டோடு ஒட்டிக் கிடக்க வேண்டும். கிடக்கவில்லை. நடுவில் உப்பியிருந்தது. ஒரு தொப்பையைச் சுற்றிக் கட்டியது போல.

தொப்பை மெதுவாக ஏறியது... இறங்கியது... ஏறியது...

வண்டியை ஓரங்கட்டி இறங்கி நின்றுகொண்டேன். லேப்டாப்புக்குப் போன் போட்டேன்.

"பெல்ட் மணி தானா அடிக்குதுடா."

அந்தப் பக்கம் அவன் இருமினான்.

"எத்தனை மணிக்கு?"

"நீ ஏன்டா மணியைக் கேக்குறே?"

"சும்மாதான் தலைவரே. அந்த சீட்டுக்கு அடியில மஞ்சக் கலர்ல ஒரு பிளக் இருக்கும். புடுங்கி விட்டுருங்க. தொல்லை விட்டுச்சு."

"அது யார் வண்டி ஃபைலுடா?"

"தலைவரே, டவர் இல்ல... கேக்கல..."

எனக்கு நன்றாகவே கேட்டது. பின்னால் யாரோ தட்டிக்கொண்டிருந்த சுத்தியல் சத்தம் வரைக்கும் கேட்டது.

ஆறாம் நாள் கொட்டோ கொட்டென்று மழை.

ஒரு பெரிய கடையின் பின்புறம், சரக்கு இறக்கும் இடத்தில் வேன் ஒன்று நின்றுபோயிருந்தது. மூன்று பக்கம் சுவர். மேலே கூரை. நாலாவது பக்கம் ஷட்டர். 3:12க்கு உள்ளே போனேன். சாரல் அடிக்கிறது என்று காவலாளி ஷட்டரைப் பாதிக்கு மேல் இறக்கிவிட்டுப் போனார். வேன்காரர் சாவியைக் கொண்டுவர அரை மணி ஆகும் என்றார். மகள் பின்னால் படுத்துக் கதை பேசிக்கொண்டிருந்தாள். புழுக்கம். நான் எஞ்சினை ஓட விட்டேன். கண்ணாடிகளை ஏற்றினேன். ஏசியைப் போட்டேன்.

3:26. மகளின் பேச்சு நின்றது. தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன்.

3:33. எனக்கும் கண்ணைச் சுற்றியது. நெற்றிப்பொட்டில் லேசாக வலி. மத்தியானம் கூடச் சாப்பிட்டுவிட்டேன் என்று நினைத்தேன். எவ்வளவு நல்ல சமாதானமெல்லாம் தோன்றுகிறது பாருங்கள், சாகப் போகிறவனுக்கு.

3:40.

டிங்... டிங்... டிங்...

பெல்ட் மாட்டியேதான் இருந்தது. மாட்டிய பெல்ட்டுக்கும் மணி அடித்தது. வழக்கத்தைவிடச் சத்தமாக. வழக்கத்தைவிட வேகமாக.

டிங்டிங்டிங்டிங்...

எனக்குத் தூங்க வேண்டும். அது ஒன்றுதான் வேண்டும். அந்தச் சனியனை நிறுத்திவிட்டால் தூங்கலாம். மஞ்சள் பிளக் ஞாபகம் வந்தது.

குனிந்தேன். உடம்பு சொன்னபடி கேட்கவில்லை. பக்கத்து சீட்டின் அடியில் கையை விட்டுத் துழாவினேன்.

ஒயர்.

தூசி.

இன்னொரு ஒயர்.

ரப்பர்...

செருப்பு.

மகளுடையது இல்லை. பெரிய செருப்பு.

விரலால் தடவினேன். செருப்புக்கு மேலே...

கால்விரல்கள்.

அவை அசைந்தன.

"ச்சு."

என் காதுக்கு அருகில். மிக அருகில்.

அப்புறம் ஓர் உதை. நேராக நெஞ்சில். கடை வாசலில் படுத்திருக்கும் நாயைத் தள்ளுகிற மாதிரி உதை.

என் பக்கத்துக் கதவில் போய் மோதினேன். எதைப் பிடித்தேனோ, கதவு திறந்துகொண்டது. சிமெண்ட் தரையில் மல்லாக்க விழுந்தேன். எழுந்து ஓடினேன். ஷட்டருக்குக் கீழே குனிந்து மழைக்குள் ஓடினேன்.

பத்து அடி ஓடியிருப்பேன். ஈரக் காற்று நெஞ்சுக்குள் போனது. வாந்தி எடுத்தேன்.

அப்போதுதான் ஞாபகம் வந்தது.

மகள்.

இதைத்தான் என்னால் இன்னும் நேராகச் சொல்ல முடியவில்லை. பேயைப் பார்த்து ஓடினேன். பிள்ளையை விட்டுவிட்டு ஓடினேன். பத்து அடி. எண்ணிப் பார்த்துவிட்டேன்.

திரும்பி ஓடினேன். என் பக்கத்துக் கதவு சாத்தியிருந்தது. இழுத்தேன். பூட்டிக்கொண்டுவிட்டது. சாவி உள்ளே. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடியில் அடித்தேன். பெயர் சொல்லிக் கத்தினேன். பதில் இல்லை.

மணியும் நின்றுவிட்டிருந்தது.

அந்தப் பக்கம் சுற்றி ஓடினேன்.

அந்தக் கதவு திறந்திருந்தது. அகலமாக. உள்ளிருந்து திறக்கும் கைப்பிடி உடைந்து எட்டு மாதமாகிறது. வெளியிலிருந்து திறக்க அங்கே யாரும் இல்லை.

பின்னால் படுத்திருந்தவள் முன் சீட்டில் இருந்தாள்.

பெல்ட் அவிழ்ந்து கிடந்தது.

அவள் முகம் திறந்த கதவைப் பார்த்துத் திரும்பியிருந்தது.

தூக்கிக்கொண்டு மழைக்குள் ஓடினேன். துணி மூட்டை மாதிரி துவண்டிருந்தாள். நனைந்துகொண்டே முதுகைத் தட்டினேன். என்ன சொல்லி அழைத்தேன் என்று தெரியாது. 3:49க்கு இருமினாள். அந்த நேரம் எப்படித் தெரியும் என்றால், ஓடிவந்த காவலாளி ஆம்புலன்ஸை அழைத்தது அந்த நிமிஷம். அவர் போனில் இன்றும் இருக்கிறது.

ஆஸ்பத்திரியில் மகளுக்கு மூக்கில் குழாய் வைத்துக் காற்று கொடுத்தார்கள். எனக்கும் ஒன்று. என் மனைவி வேலை உடுப்போடே ஓடி வந்தாள். மகளின் ரத்த அறிக்கையை வாங்கி அவளே படித்தாள். இரண்டு தடவை படித்தாள்.

"கார்பன் மோனாக்சைடு," என்றாள். "வாசனையே வராது. தூக்கம்தான் வரும்."

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"இன்னும் பத்து நிமிஷம் போயிருந்தா என்னை வேற விஷயத்துக்குக் கூப்பிட்டிருப்பீங்களாம்."

அதற்கு மேல் ஒரு வார்த்தை திட்டவில்லை. பதினோரு வருஷத்தில் முதல் தடவை. திட்டிவிடு என்று கெஞ்ச வேண்டும் போல இருந்தது. அவள் மகளின் கால்களைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

"யாரும்மா உன்னை முன் சீட்டுக்கு மாத்துனாங்க?" என்று மகளைக் கேட்டேன்.

"நீதானேப்பா," என்றாள். "ஏம்ப்பா அவ்வளவு முரட்டுத்தனமா தூக்குனே?"

மறுநாள் காலை வண்டியின் வடிகட்டியைக் கழற்றிப் பார்த்தேன். லேப்டாப் பற்ற வைத்த இடத்தில், கேபினின் தரைக்கு நேர் கீழே, சுண்டுவிரல் நுழைகிற அளவுக்கு வெடிப்பு. புகை வெளியே போகும் வழியெல்லாம் போகாமல் நேராக எங்களிடம் வந்திருக்கிறது. அந்தத் தகரத்தைத் தூக்கிக்கொண்டு அவன் கொட்டகைக்குப் போனேன். மணி 10:15. அவனை அடிக்கத்தான் போனேன். வழியெல்லாம் எந்தக் கையால் அடிப்பது என்று யோசித்துக்கொண்டே போனேன்.

கொட்டகையில் வேலை எதுவும் நடக்கவில்லை. லேப்டாப் தரையில் உட்கார்ந்திருந்தான். லேப்டாப் அவன் கக்கத்தில் இல்லை. தகரத்தை அவன் முன்னால் போட்டேன். சத்தத்துக்குக்கூட நிமிரவில்லை.

"யார் வண்டி ஃபைலு?"

"நெட்டுல கிடைச்சது தலைவரே."

"யார் வண்டிடா?"

"தெரிஞ்ச பையன் ஒருத்தன்..."

"என் பொண்ணு ஆஸ்பத்திரியில கிடக்குறா. இன்னொரு தடவை டீ கீன்னு சொன்னே, இந்தத் தகரத்தாலேயே போட்டுருவேன். யார் வண்டி?"

அவன் அந்த வெடிப்பைப் பார்த்தான். அதில் சுண்டுவிரலை விட்டு எடுத்தான்.

"எங்க அண்ணன் வண்டி," என்றான். தலைவரே என்று சொல்லவில்லை. "அதுக்கும் நான்தான் பத்த வெச்சேன். போன வருஷம் மழைக்கு ஒரு குடோன்ல ஒதுங்கினான். ஏசியைப் போட்டுட்டுப் பக்கத்து சீட்டுல சாஞ்சு தூங்கினான். சாயந்திரம் கதவை உடைச்சுத்தான் எடுத்தோம். மூணு நாப்பது வாக்குல உயிர் போயிருக்கும்னாங்க."

அடிக்க வந்தவன் அவனுக்கு எதிரே ஒரு டயரில் உட்கார்ந்துகொண்டேன். இப்படிப்பட்டவனைப் பார்த்தும் இரக்கப்படுகிற இந்த மனசை வைத்துக்கொண்டு நான் எங்கே உருப்பட?

"அதுக்கப்புறமும் அந்த ஃபைலையே எல்லாருக்கும் ஏத்துனியா?"

"அதுதான் நல்லா ஓடுச்சு."

"தூ," என்றேன். என்னையும் சேர்த்துத்தான். "எத்தனை வண்டி?"

"ஒம்போது."

"மணி அடிக்குதுன்னு எத்தனை பேரு வந்தாங்க?"

"உங்களோட சேர்த்து எட்டு பேரு. எட்டு பேருகிட்டயும் மஞ்சப் பிளக்கைப் புடுங்கச் சொன்னேன். கையை விட்டுப் பார்த்தோம், பிளக்கு சிக்கலேன்னாங்க. எதையோ தொட்டோம்னாங்க. என்னத்தைன்னு ஒருத்தரும் சொல்லல. நானும் கேக்கல."

"ஒம்போதாவது ஆளு?"

வெளியே டயர் கடையில் காற்றடிக்கும் மெஷின் ஓடி நின்றது. பிறகு, எனக்குத் தெரிந்து முதல் தடவையாக, என் கண்ணைப் பார்த்துப் பேசினான்.

"நேத்துதான்ணே போன் பண்ணான். அதே மழையில. இன்னிக்குக் காலையில அவனையும் கதவை உடைச்சுத்தான் எடுத்தாங்க. அவனுக்கு பிளக்கு கையில கிடைச்சிருச்சு."